மச்சான் மூண்டில ரெண்டு வேலை

என்ர மச்சான் ஒருத்தன் காற்றாலை அத்திவாரத்துக்குக் கம்பி கட்டப் போனவன், சரியா எட்டு மாசம். "இத்தினை பேருக்கு வேலைவாய்ப்பு" எண்டு சொன்ன கணக்கில அவனும் ஒரு ஆள். கொங்கிறீட் போட்டு முடிய அவன் திரும்பவும் வயலுக்கு வந்திட்டான், கணக்கில இருந்து மட்டும் அவனை ஒருத்தரும் கழிக்கேல்ல.

இந்தக் கணக்கை எப்பிடித்தான் போடுறாங்கள் எண்டு தேடிப் பாத்தன். அமெரிக்காவில என்.ஆர்.இ.எல் எண்ட ஆராய்ச்சிக்கூடம் ஜெடி எண்டு ஒரு எக்செல் ஷீட் செய்து வச்சது, எத்தினை மெகாவாட், எந்த இடம், எவ்வளவு செலவு எண்டு குடுத்தா வேலையும் வருமானமும் எவ்வளவு எண்டு சொல்லும். அதில எனக்குப் பிடிச்ச விசயம், ஒரு "வேலை" எண்டா ஒரு ஆள் முழு வருசமும் செய்யிற வேலை, அதாவது 2080 மணித்தியாலம். 300 பேர் ஆறு மாசம் வேலை செய்தா அது 150 தான், 300 இல்லை. எங்கட ஊர்க் கூட்டங்களில இதை ஆர் சொல்லுறாங்கள்?

அதைவிடப் பெரிய விசயம் காசு எங்க போகுது எண்டது. மன்னார்ல 2020 இல தொடங்கின தம்பபவனி எண்ட காற்றாலைப் பண்ணையில 30 காத்தாடி, ஒண்டு 3.45 மெகாவாட், மொத்தம் 103.5. அந்த மெசினும் இறக்கையும் வெளிநாட்டில இருந்து கப்பல்ல வந்தது, அந்தக் காசில எங்கட சனத்துக்கு ஒரு சதமும் இல்லை. இங்க நிக்கிறது கல்லு, மணல் (எங்க அள்ளினது எண்டு கேக்காதேங்கோ), டிப்பர் ஹயர், அறை வாடகை, மெஸ் சாப்பாடு. மெஸ் நடத்துற அக்கா கிளிநொச்சி மில்லில அரிசி வாங்கினா அந்தக் காசு இன்னொருக்கா வன்னிக்குள்ள சுத்தும், ஆனா அவ வாங்கிற சோப்பும் பிஸ்கட்டும் கொழும்பில இருந்து வாறபடியா அது அப்பிடியே மதவாச்சி தாண்டிப் போயிடும். அதால ஒரு காசு ஊருக்குள்ள எத்தினை மடங்காச் சுத்தும் எண்டு அமெரிக்கக் கணக்கில இருக்கிற பெருக்கலை எடுத்து இங்க ஒட்டினா பிழைக்கும்.

காத்தாடி சுத்தத் தொடங்கினாப்பிறகு கொஞ்ச டெக்னீசியன்மார், செக்குரிட்டி, அவ்வளவுதான்.

இன்னொண்டு, ஜெடி கூட்டுறது மட்டும்தான், கழிக்காது. அதைச் செய்தவங்களே அப்பிடித்தான் சொல்லுறாங்கள். மழைத்தண்ணி ஓட வழியில்லாமல் நிக்குது, மீன்பிடி குறைஞ்சுது எண்டு மன்னார்ச் சனம் 2025 இல ரோட்டில இறங்கினதெல்லாம் அந்த ஷீட்டில ஒரு பெட்டிக்குள்ளயும் வராது. எனக்குக் காற்றாலை வேண்டாம் எண்டில்லை, கரண்ட் வேணும்தானே. கழிக்கிற பக்கத்தையும் காட்டுங்கோ எண்டுதான் சொல்லுறன். மன்னாருக்கும் பூநகரிக்கும் எண்டு அதானி கொண்டு வந்த 484 மெகாவாட் திட்டத்தை 2025 பெப்ரவரியில அவையே விட்டிட்டுப் போயிட்டினம், அதை நம்பிக் கூட்டி வச்ச வேலையெல்லாம் பேப்பரோட சரி.

இதையெல்லாம் மச்சானுக்குச் சொன்னன்.

"அப்ப நான் எத்தினை வேலையடா?"

"எட்டு மாசம்தானே, மூண்டில ரெண்டு."

"மிச்சம் ஒண்டு?"

"அது நீ சம்பளமில்லாமல் மாமாவின்ர வயலில நிண்ட நாலு மாசம்."