திரையில்லா சர்வரில் தமிழ் எழுத்து

எட்டு மாதமாக எங்கள் செயலியைத் தானாகச் சோதிக்கும் டெஸ்ட் எல்லாம் பச்சை, அதாவது பாஸ். அந்த டெஸ்ட் ஓடும்போது திரை எப்படி இருக்கிறது என்பதைப் போன செவ்வாய்க்கிழமைதான் முதன்முதலாகப் பார்த்தேன். தமிழ்ப் பக்கத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. பட்டன் முழுக்க வெறும் பெட்டி பெட்டியாக இருந்தது.

கிளினிக் வாசலில் நிற்கும் பதிவுத் திரைக்கான செயலியை க்யூட்டியில் எழுதுகிறோம். ஜன்னல், பட்டன் எல்லாம் உருவாக்கித் தரும் மென்பொருள் தொகுப்பு அது. சிங்கப்பூர் என்பதால் ஆங்கிலம், மலாய், சீனம், தமிழ் என்று நான்கு மொழிகளும் உண்டு. யார் கோடைச் சேர்த்தாலும் லினக்ஸ் சர்வரில் ஒரு டாக்கர் கன்டெய்னருக்குள், அதாவது தேவையான மென்பொருளை மட்டும் வைத்துக் கட்டிய தனிச் சூழலுக்குள், டெஸ்ட் தானாக ஓடும். அங்கே மானிட்டர் கிடையாது. டிஸ்பிளே கிடைக்கவில்லை என்று சொல்லிச் செயலி முதல் வரியிலேயே விழுந்துவிடும்.

அதற்குத்தான் எக்ஸ்விஎஃப்பி. லினக்ஸில் செயலிகளின் ஜன்னல்களைத் திரையில் வரைந்து காட்டும் நிரலை எக்ஸ் சர்வர் என்பார்கள். இதுவும் ஓர் எக்ஸ் சர்வர்தான். ஆனால் வரைந்ததை மானிட்டருக்கு அனுப்பாமல் மெமரியிலேயே வைத்துக்கொள்ளும். செயலிக்கு வித்தியாசம் தெரியாது. டெஸ்ட் கட்டளைக்கு முன்னால் எக்ஸ்விஎஃப்பி-ரன் என்று சேர்த்தால் போதும். 99ஆம் எண் டிஸ்பிளேயைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடிவிடும்.

சொல்ல எளிது. எங்களுக்கு முதல் இரண்டு வாரம் ஃபோகஸிலேயே, அதாவது கீபோர்டு எந்த ஜன்னலுக்குப் போகிறது என்பதிலேயே, போனது. பெயர் கேட்கும் பெட்டி திறக்கும், டெஸ்ட் தட்டச்சு செய்யும், எழுத்து எதுவும் விழாது. எக்ஸ்விஎஃப்பி திரையை மட்டுமே தருகிறது. எந்த ஜன்னலுக்குக் கீபோர்டு என்று முடிவு செய்ய அங்கே விண்டோ மேனேஜர் இல்லை. ஓப்பன்பாக்ஸ் என்ற விண்டோ மேனேஜரை அதே டிஸ்பிளேயில் ஓடவிட்ட பிறகுதான் சரியானது. எக்ஸ் சர்வரே இல்லாமல் ஓடும் க்யூட்டியின் ஆஃப்ஸ்கிரீன் முறையே போதும் என்பவர்கள் உண்டு. கணக்கையும் தரவையும் சோதிக்கப் போதும். எங்களுக்கு நிஜமான எக்ஸ்ஸில் ஜன்னல்கள் எப்படி நடந்துகொள்கின்றன என்று தெரிய வேண்டியிருந்தது.

செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். திருச்சியிலிருந்து வந்து எங்கள் டீமில் சேர்ந்த தம்பி ஒருவர் கேட்டார்: “அக்கா, சர்வர்ல ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பாத்திருக்கீங்களா?”

“இல்லப்பா. எல்லாம் பச்சையாத்தானே இருக்கு?”

“ஒரு தடவை எடுத்துப் பாப்போம்க்கா.”

இமேஜ்மேஜிக் என்ற படக் கருவியைக் கொண்டு முழுத் திரையையும் படமாக எடுத்தோம். மலாய் சரியாக இருந்தது, அது ரோமன் எழுத்துத்தானே. சீனமும் தமிழும் பெட்டிகள். நிறுவியிருக்கும் எழுத்துருக்களைப் பட்டியலிடும் எஃப்சி-லிஸ்ட் கட்டளையில் தமிழ் எழுத்துரு இருக்கிறதா என்று கேட்டோம். ஒரு வரிகூட வரவில்லை. அளவு குறைய வேண்டும் என்று கன்டெய்னரை ஒல்லியாகக் கட்டியிருந்தோம், இந்த இரண்டு மொழிகளின் எழுத்துருவே உள்ளே போகவில்லை.

பிறகு எப்படிப் பச்சை? “உன் மேல் என்ன எழுதியிருக்கிறது?” என்று டெஸ்ட் பட்டனைக் கேட்கும். பட்டன் தன்னிடம் உள்ள சரத்தை, அதாவது நினைவில் வைத்திருக்கும் எழுத்துத் தொடரை, அப்படியே திருப்பித் தரும். அந்தச் சரம் திரையில் எழுத்தாக விழுந்ததா என்று யாரும் கேட்கவில்லை. கிளினிக் திரைகளில் தமிழ் எழுத்துரு இருக்கிறது, பெட்டிகளை எந்த நோயாளியும் பார்த்திருக்க மாட்டார் என்று ஒரு நிமிடம் ஆறுதலாக இருந்தது. உடனே இன்னொன்று உறைத்தது. எழுத்து பட்டனுக்குள் அடங்குகிறதா என்று அகலத்தை அளக்கும் டெஸ்ட்டும் எங்களிடம் இருக்கிறது. எட்டு மாதமாக அது பெட்டிகளை அளந்துகொண்டிருந்திருக்கிறது.

பல மொழிகளுக்கும் இலவசமாகக் கிடைக்கும் நோட்டோ எழுத்துருக்களைக் கன்டெய்னரில் சேர்த்து மறுபடி ஓட்டினோம். தமிழில் மூன்று பட்டனின் டெஸ்ட் சிவப்பானது, அதாவது தோற்றது. “வரிசை எண் பெறுக” என்ற பட்டனில், ‘ண்’ தன் அகலத்துக்கு இடம் பிடித்துக்கொள்ள, கடைசி ‘க’ பாதியில் வெட்டுப்பட்டு நின்றது. கிளினிக் திரையிலும் அப்படித்தான் இருந்திருக்கும். என் அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. அவர் அந்தத் திரையின் முன் நிற்பதை நினைத்தேன், மனசு கேட்கவில்லை.

இப்போது டெஸ்ட் தொடங்கும் முன்பே எஃப்சி-லிஸ்ட்டில் தமிழும் சீனமும் தேடப்படுகின்றன. இல்லாவிட்டால் பில்டு, அதாவது சோதனை ஓட்டம் முழுவதும், அங்கேயே நின்றுவிடும். ஒவ்வொரு மொழிக்கும் ஒரு ஸ்கிரீன்ஷாட் சேமிக்கிறோம், காலையில் தமிழ்ப் படத்தை நான் திறந்து பார்க்கிறேன். மூன்று பட்டனில் இரண்டை அகலப்படுத்தியாயிற்று. மூன்றாவதற்குப் பக்கத்தில் இடமில்லை. எழுத்தைச் சிறிதாக்கலாம் என்கிறார் டிசைனர், வேண்டாம், இரண்டு வரியாக்குவோம் என்கிறேன் நான். நாளைக்குப் பேச வேண்டும்.