மினசோட்டாவைப் படிக்க நீர்வழிகளிலிருந்து தொடங்குங்கள்

புவியியல், வரலாறு, பொருளாதாரம் ஆகிய மூன்றையும் ஒரே தாளில் கேட்ட கல்லூரித் தேர்வுக்காக அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தைப் படித்தவன் என்ற முறையில், அதே தேர்வுக்கு ஆயத்தமாகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, அம்மாநிலத்தின் வடிகால் வரைபடத்தைக் கையால் வரைந்து பழகுங்கள் என்பதே. மேற்கு எல்லையில் ஓடும் ரெட் ஆறு வடக்கு நோக்கிச் சென்று அதன் நீர் ஹட்சன் விரிகுடாவைச் சேர்கிறது. இட்டாஸ்கா ஏரியில் பிறக்கும் மிசிசிப்பி தெற்கே மெக்சிகோ வளைகுடாவுக்குப் போகிறது. வடகிழக்கு ஓடைகள் சுபீரியர் ஏரியில் விழுகின்றன. பாடத்தின் பெரும்பகுதி இந்த மூன்று வடிநிலங்களுக்குள் அடங்கிவிடும்.

ரெட் ஆற்றுச் சமவெளி, பனியுகத்தின் முடிவில் பரந்து கிடந்த அகாசிஸ் ஏரியின் அடித்தளம் என்பதால்தான் அவ்வளவு தட்டையாகவும் வளமாகவும் இருக்கிறது. அங்கே விளைந்த கோதுமையை, மிசிசிப்பியின் ஒரே பெரிய அருவியான செயின்ட் ஆன்டனியின் நீர்விசை மினியாபொலிஸில் அரைத்தது. 1870களில் வந்த தவிடு பிரிக்கும் எந்திரங்கள் கெட்டிக் கோதுமையிலிருந்தும் வெள்ளை மாவு எடுக்க வழிசெய்ததால், 1880 முதல் 1930 வரை அந்நகரம் மாவு உற்பத்தியில் நாட்டின் முதலிடத்தில் இருந்தது.

விளைநிலம் யாரிடமிருந்து வந்தது என்பதைப் பாடநூல்கள் வேறொரு அத்தியாயத்தில் வைக்கின்றன. நீங்கள் சேர்த்தே படியுங்கள். 1851இல் அமெரிக்க அரசுடன் செய்த உடன்படிக்கைகளில், அம்மண்ணின் பூர்வகுடிகளான டகோட்டா மக்கள் தென்பகுதி நிலத்தின் பெரும்பகுதியை இழந்தனர். 1858இல் மினசோட்டா 32ஆவது மாநிலமானது. நிலத்துக்காக அரசு தருவதாகச் சொன்ன தொகை தாமதமாகிப் பசி முற்றிய 1862இல் இரு தரப்புக்கும் போர் மூண்டது. அவ்வாண்டு டிசம்பர் 26 அன்று மான்கேட்டோவில் 38 டகோட்டா ஆண்கள் தூக்கிலிடப்பட்டனர். ஆண்டுகளைத் தனித்தனியே மனப்பாடம் செய்வதைவிட, இந்த வரிசையை ஒரே பத்தியாக எழுதிப் பார்ப்பது பயன் தரும்.

எல்லைகளில் அதிக நேரம் செலவிட வேண்டாம். மிசிசிப்பியின் பிறப்பிடம் தெரியாமலே 1783இல் எல்லை வகுத்ததால் கனடாவுக்குள் துருத்தி நிற்கும் வடமேற்கு முனை, சுவையான செய்தி என்றாலும், ஒரு மதிப்பெண் வினாவுக்கு மேல் தாங்காது.

இரும்புத்தாது அப்படியல்ல. மாநிலத்தின் வடகிழக்கில் 1890இல் கண்டறியப்பட்ட மெசாபி என்ற தாதுப் படுகைத் தொடரின் இரும்புத்தாது, சுபீரியர் ஏரித் துறைமுகங்களிலிருந்து கப்பலேறிக் கிழக்கே போனது. எஃகு ஆலைகள் ஏன் தாது கிடைத்த இடத்திலேயே பெருகவில்லை என்ற வினாவை நிச்சயம் எதிர்பாருங்கள்: நிலக்கரி பென்சில்வேனியா பக்கம் இருந்தது, ஏரிவழிச் சரக்குக் கட்டணமோ மலிவு. உயர்தரத் தாது குறைந்தபின், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, தரம் குறைந்த டாக்கோனைட் பாறையைப் பொடித்து, காந்தத்தால் இரும்பைப் பிரித்து, உருண்டைகளாக்கி அனுப்பும் முறை வந்ததையும் அதே விடையில் எழுதுங்கள்.