வேறொருத்தியின் வாயில் என் ஊர்

ஜூன் 3

இலங்கைத் தமிழ்ப் பேச்சைச் சொல்லித்தர என்னை அமர்த்தியிருக்கும் படத்தின் வசனத் தாள்கள் வந்துவிட்டன. முதல் பக்கத்திலேயே கணவன் மனைவியை "நீ" என்கிறான். கோபத்தில் அல்ல, தேநீர் கேட்கும்போது. யாழ்ப்பாணத்தில் நீ, நீர், நீங்கள் என்று மூன்று படிகள் உண்டு. அப்பா கடைசிவரை அம்மாவிடம் "நீர்" என்றுதான் பேசினார். அவர்களுடைய இல்லறம் முழுவதும் அந்த நடுப்படியில் நடந்தது. உரிமையும் இருந்தது, ஒரு விரற்கடை மரியாதையும் இருந்தது. அதை எடுத்துவிட்டால் அந்தக் கணவன் வேறு ஆள். உதவி இயக்குநரிடம் தொலைபேசியில் சொன்னேன். "இங்கே பார்ப்பவர்களுக்குப் புராணப் படம் போலத் தோன்றும், அக்கா" என்றார்.

விடப்போவதில்லை.

ஜூன் 4

அம்மாவின் மருத்துவ அறிக்கை வரவில்லை.

ஜூன் 6

நடிகை வீட்டுக்கே வந்தார். கோவையில் வளர்ந்தவர். காலணியை வாசலில் கழற்றியதும் நேராக அம்மாவிடம் போய் உட்கார்ந்துகொண்டார். பிடித்துவிட்டது.

தெனாலியைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "ஓம்", "கதைக்கிறது" எல்லாம் மனப்பாடம். எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். சொற்களை அரை மணி நேரத்தில் வாங்கிவிடலாம்.

அந்தப் படம் 2000இல் வந்தது. பேச்சுக்காக வானொலி அறிவிப்பாளர் பி.எச்.அப்துல் ஹமீதின் உதவியைக் கமல்ஹாசன் பெற்றார். கூர்மையான காது கமலுடையது, சந்தேகமில்லை. ஆனால் அது நகைச்சுவைப் படம். எதைக் கண்டாலும் பயப்படும் ஒரு அகதி. அப்போது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் எல்லோரும் அந்த வசனங்களை என்னிடம் பேசிக் காட்டினார்கள். அன்பாகத்தான் பேசினார்கள். அதனாலேயே என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு ஒரு பேச்சு, வெளிக்கு ஒரு பேச்சு என்று அதற்கு வெகு முன்பே பிரித்து வைத்திருந்தேன். அன்றிலிருந்து வெளிப்பேச்சில் ஒரு கீறல்கூட விழாமல் பார்த்துக்கொண்டேன்.

இப்போது அந்த வீட்டுப் பேச்சுக்குத்தான் சம்பளம் தருகிறார்கள்.

ஜூன் 9

கதையில் வரும் இந்தப் பெண் யார் என்று கேட்டேன். "இலங்கைத் தமிழ்ப் பெண்" என்றார் இயக்குநர். எந்த ஊர்? வல்வெட்டித்துறையா, மன்னாரா, மட்டக்களப்பா? நுவரெலியாப் பக்கத் தேயிலைத் தோட்டமா? "பொதுவாக இலங்கை என்று வைத்துக்கொள்ளுங்களேன்."

பொதுவாகப் பேசுகிற மனிதரை நான் இதுவரை சந்தித்ததில்லை. அகதி முகாமில் தண்ணீர்க் குழாயடியில் நின்றால் போதும், யார் எந்தப் பக்கத்தவர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். மட்டக்களப்பாரின் பேச்சு யாழ்ப்பாணத்தாருடையது அல்ல. மலையகத்தாருடையது இரண்டும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்கென்று ஒரு தமிழ் இருக்கிறது. நம் படங்களில் மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டி, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவையும் ராகம் போட்டு இழுத்துவிட்டால் இலங்கைத் தமிழ் ஆகிவிடுகிறது.

தெரியாமல் நடப்பதில்லை இது. 2015இல் பாபநாசம் படத்துக்கு நெல்லைப் பேச்சைச் சரியாகக் கொண்டுவர எழுத்தாளர் சுகாவை உடன் வைத்துக்கொண்டார்கள். திருநெல்வேலிக்கும் தூத்துக்குடிக்கும் நாகர்கோவிலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ்நாட்டுப் பார்வையாளர் கேட்பார் என்ற பயம் படம் எடுப்பவர்களுக்கு இருக்கிறது. எங்களைப் பற்றி அந்தப் பயம் இல்லை.

எதற்கும் இருக்கட்டும் என்று நானே முடிவு செய்தேன். இவள் சாவகச்சேரிக்காரி. வயது முப்பத்தைந்து. தகப்பன் தபால்காரர். நடிகை அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஜூன் 10

அம்மா தூங்கவில்லை. கேட்டால் நல்ல நித்திரை என்கிறார்.

ஜூன் 13

காற்று, வெற்றிலை, சுற்றி. இங்கே வாய்ப்பேச்சில் "காத்து" ஆகிவிடுகிறது. எங்களுக்கு அந்த "ற்ற"வில் நாக்கு நுனி மேல்பல்லின் ஈறில் அழுத்தி ஒரு கணம் நின்று விடுபட வேண்டும். நடிகைக்கு வந்துவிட்டது. ஆனால் வரும்போதெல்லாம் "இதோ பாருங்கள், வந்துவிட்டது" என்று அவர் முகம் சொல்கிறது. அந்த முகம் போக வேண்டும்.

அதைவிட "உ" பற்றித்தான் நாள் முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன். அது, இது என்ற இரண்டோடு எங்களுக்கு உது உண்டு. உவன், உவள், உங்கை. பழந்தமிழில் இருந்து இங்கே வழக்கொழிந்துபோனது அங்கே அடுப்படியில் புழங்குகிறது. கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பது உது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் எதிரில் இருப்பவரின் கையை, மடியை, அவர் பக்கத்து நாற்காலியை ஒரு முறை பார்த்தாக வேண்டும். நடிகை அதை விளங்கிக்கொண்ட நொடியில் அவருடைய கண்களே மாறிவிட்டன. வெறுமனே எதிரே வெறித்துப் பேசிக்கொண்டிருந்தவர், அம்மாவின் கையிலிருந்த மாத்திரை அட்டையைப் பார்த்து "உது என்ன?" என்றார்.

பேச்சு வாயிலிருந்து தொடங்குவதில்லை. எத்தனை இயக்குநர்களிடம் சொல்லிப் புரியவைப்பேன்?

ஜூன் 14

நடிகையின் பயிற்சி ஒலிப்பதிவை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் கேட்டார். "உது ஆர் பிள்ளை? படத்திலை கதைக்கிற மாதிரிக் கதைக்கிறாள்."

ஜூன் 17

மருத்துவமனை வரிசையில் மூன்று மணி நேரம். அறிக்கை இல்லை. இன்னொரு பரிசோதனை வேண்டுமாம். எதற்கு என்று கேட்டால் மருத்துவர் பேசுவார் என்கிறார்கள், மருத்துவர் விடுப்பில் இருக்கிறார்.

வரிசையில் நின்றபடி தயாரிப்பாளரிடமிருந்து வந்த செய்தியைப் படித்தேன். நடிகைக்கு வேறு குரல் போட்டுவிடலாமா, நேரம் மிச்சமாகுமே என்று கேட்கிறார்.

முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்பது தமிழ்ப் படத்துக்குப் பழகிய ஏற்பாடுதான். 1985இல் முதல் மரியாதையில் ராதாவுக்கு ராதிகா குரல் கொடுத்தார். இன்றைக்கும் அந்தக் குரலில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் பருத்திவீரனில், 2007இல், பிரியாமணி தானே பேசினார். தேசிய விருதும் கிடைத்தது. கத்தும்போதும் மூச்சு வாங்கும்போதும் அந்த உடம்பும் அந்தத் தொண்டையும் ஒன்றாக இருந்தன. அந்தக் கடைசிக் காட்சியில் வேறு யாருடைய குரலாவது ஒலித்திருந்தால் நம்மால் தாங்கிக்கொள்ள முடிந்திருக்கும். தாங்க முடியாமல் போனதுதான் அதன் பெருமை.

வட்டாரப் பேச்சு நகைச்சுவைக்கு வந்தால் நம் படக்காரர்கள் உயிரைக் கொடுத்து உழைக்கிறார்கள். மைக்கேல் மதன காமராஜனின் பாலக்காட்டுச் சமையல்காரரும் சதிலீலாவதியின் கொங்குத் தம்பதியும் எனக்கும் மிகவும் பிடித்தவர்கள். கோவை சரளா பேசும்போது நடிகை கைதட்டிச் சிரிக்கிறார், அது அவருடைய அத்தைகளின் பேச்சு. ஆனால் அதே பேச்சில் ஒரு பெண் காதலிக்கவும் சாகவும் வேண்டும் என்றால் உடனே பொதுத்தமிழுக்கு மாற்றிவிடுகிறார்கள். இதற்கு என் கோபம் தணியப்போவதில்லை.

பிரெஞ்சுக்காரர் ஜாக் ஓதியார் எடுத்த தீபனை நினைத்துக்கொண்டேன். 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருது பெற்றது. சென்னை நாடக மேடையிலிருந்து போன காளீஸ்வரி சீனிவாசன், எங்கள் மண்ணில் பிறந்த அந்தோனிதாசன் யேசுதாசனுக்கு எதிரில் நின்று பேச வேண்டியிருந்தது. அப்படி ஒருவர் எதிரில் நிற்பதைவிடப் பெரிய பயிற்சி ஏது? எங்கள் படத்தில் கணவனாக நடிப்பவரும் சென்னைக்காரர்.

பதில் அனுப்பினேன்: குரலை மாற்றினால் என் பெயரைப் போட வேண்டாம்.

ஜூன் 19

"நீர்" ஒப்புக்கொள்ளப்பட்டது. இரண்டு காட்சிகளுக்கு மட்டும்.

ஜூன் 21

அழும் காட்சி. முதல் வரியில் சாவகச்சேரி இருந்தது. கண்ணீர் வந்ததும் கோயம்புத்தூருக்குப் போய்விட்டார். அழுகையில் எல்லோரும் தாய்வீட்டுக்குத்தான் ஓடுகிறார்கள், அதற்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

வசனத்தை ஓரமாக வைக்கச் சொன்னேன். "உங்கள் சின்ன வயதுப் பயம் ஒன்றை எங்கள் பேச்சில் சொல்லுங்கள்." நெடுநேரம் எதுவும் வரவில்லை. பிறகு கிணறு ஒன்றைப் பற்றிச் சொன்னார். தட்டுத் தடுமாறித்தான் சொன்னார். ஆனால் யாரும் எழுதிக் கொடுக்காத வாக்கியங்கள். நடுவில் "நான் விழுந்திடுவன் எண்டு" என்று அவராகவே சொல்லி, சொன்னதைக் கவனிக்காமலே மேலே போனார்.

அந்த முகம் போய்விட்டது. அவர் கிளம்பிய பிறகு நான் வெகுநேரம் மாடியில் நின்றேன். அவ்வளவு மகிழ்ச்சி.

ஜூன் 22

அம்மா தட்டை அப்படியே வைத்துவிட்டார்.

ஜூன் 24

மாலையில் புதிய ஒலிப்பதிவை ஓடவிட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மகள் தாயிடம் பேசும் காட்சி. "சாப்பிட்டியளோ?" என்று நடிகையின் குரல் கேட்கிறது. படுக்கையிலிருந்து அம்மா சொன்னார்: "இல்லைப் பிள்ளை. இரண்டு நாளா ஒண்டும் இறங்குதில்லை."

என்னிடம் அதைச் சொல்லவில்லை.

ஜூன் 25

குரல் பதிவு நாளை காலை ஒன்பது மணிக்கு. நடிகையே பேசுகிறார். தயாரிப்பாளர் இறங்கிவந்துவிட்டார், ஆனால் ஒரே நாளில் முடிக்க வேண்டுமாம். அழும் காட்சியை முதலில் எடுக்கச் சொல்ல வேண்டும், தொண்டை களைப்பதற்கு முன்னால்.

மருத்துவமனையிலிருந்தும் அழைத்தார்கள். நாளை காலை ஒன்பதரை. உறவினர் ஒருவர் கட்டாயம் உடன் வர வேண்டுமாம். நடிகையிடம் சொன்னேன். "நீங்கள் அம்மாவோடை போங்கோ, நான் பாக்கிறன்" என்றார். அவர் அதை யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

ஆட்டோவுக்கு எட்டரைக்குச் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் பழைய மருத்துவச் சீட்டுகளை இன்னும் எடுத்து வைக்கவில்லை.