பன்முகப்படுத்தப்பட்ட நிதியும் படுவான்கரையின் மாரிகாலமும்

அமெரிக்காவில் குடியேறிய என் மைத்துனர் அண்மையில் ஒரு செய்தியை அனுப்பியிருந்தார். அவர் வாழும் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர், சமஷ்டி அரசின் வரவு செலவுத் திட்டத்திலிருந்து உள்ளூர் வேலைகள் சிலவற்றுக்குப் பணம் பெற்றுக்கொடுத்திருப்பதாக வெளியிட்ட அறிவிப்பு அது. "நம்மட எம்பிமாரும் இதத்தானே மச்சான் செய்யிறாங்க, என்ன வித்தியாசம்?" என்று கீழே எழுதியிருந்தார். இலங்கையில் பாராளுமன்ற உறுப்பினர்கள் ஊர்களின் சிறுவேலைகளுக்கு முன்மொழியும் பன்முகப்படுத்தப்பட்ட நிதியைத்தான் அவர் சொன்னார். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் ஒரு கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக, பாராளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதம் எழுதுவதையே பாதி வேலையாகக் கொண்டிருப்பவன் என்பதால், அந்தக் கேள்வியை எளிதில் விட்டுவிட என்னால் முடியவில்லை.

அங்குள்ள முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண்டுதோறும் காங்கிரஸ் நிறைவேற்றும் ஒதுக்கீட்டுச் சட்டங்களுக்குள், இன்ன ஊரின் இன்ன வேலைக்கு இவ்வளவு என்று உறுப்பினர்கள் பெயர் குறித்துப் பணத்தை எழுதிவைக்கும் வழக்கம் நெடுங்காலமாக இருந்தது. அலாஸ்காவின் கெச்சிக்கன் பட்டினத்தை, ஏறத்தாழ ஐம்பது பேர் மட்டுமே வாழ்ந்த கிரவீனா தீவோடு இணைக்கும் பாலத்துக்கு 2005 இல் 223 மில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டபோது அந்த வழக்கம் நாடு முழுவதும் கேலிக்கு உள்ளானது. அந்தத் தீவில்தான் பட்டினத்தின் விமான நிலையம் இருந்தது என்ற நியாயம் எவர் காதிலும் ஏறவில்லை; பாலமும் கட்டப்படவில்லை. அதே ஆண்டில், கலிபோர்னியாவைச் சேர்ந்த ரண்டி கனிங்ஹாம் என்ற உறுப்பினர் பாதுகாப்பு ஒப்பந்தக்காரர்களிடம் குறைந்தது 24 இலட்சம் டொலர் இலஞ்சம் பெற்றதை நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு, அடுத்த ஆண்டு சிறைக்குச் சென்றார். 2011 இல் அந்த வழக்கமே நிறுத்தப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து, 2021 இல், பிரதிநிதிகள் சபையில் சமூகத் திட்ட நிதி என்ற பெயரோடு அது மீண்டும் வந்தது. 2022 ஆம் நிதியாண்டில் காங்கிரஸின் இரு சபைகளினதும் கோரிக்கைகளாகச் சேர்ந்து 4,963 திட்டங்களுக்கு 9.1 பில்லியன் டொலர் ஒதுக்கப்பட்டது.

திரும்பி வந்தபோது அது கட்டுப்பாடுகளோடு வந்தது என்பதுதான் நான் மைத்துனருக்கு எழுதிய பதிலின் மையம். பிரதிநிதிகள் சபையின் ஓர் உறுப்பினர் இத்தனை கோரிக்கைகளைத்தான் முன்வைக்கலாம் என்று எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது. முதலாவது ஆண்டில் 10, 2023 ஆம் நிதியாண்டில் 15. இலாபம் ஈட்டும் நிறுவனங்களுக்குப் பணம் கேட்க முடியாது. தனக்கோ தன் நெருங்கிய குடும்பத்தினருக்கோ அந்த வேலையில் பண நலன் எதுவும் இல்லை என்று கையொப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். ஊரார் அந்த வேலையை விரும்புகிறார்கள் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் பட்டது இன்னொன்று: பணம் கிடைப்பதற்கு முன்பே, கேட்கும் கட்டத்திலேயே, யாருக்கு, எந்த முகவரியில், என்ன தேவைக்கு, எவ்வளவு கேட்கிறேன் என்பதை அந்த உறுப்பினர் தன் இணையத்தளத்தில் எவரும் வாசிக்கும்படி வெளியிட்டாக வேண்டும். ஆகவே தன் ஊர்ப் பாலத்தைக் கேட்காமல் விட்டுவிட்டார் என்று ஒருவருக்கு மனக்குறை இருந்தால், அதைச் சட்டம் நிறைவேறிய பிறகு அல்ல, நிறைவேறுவதற்கு மாதங்கள் முன்பே அவர் கேட்டுவிடலாம்.

நமது பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்ட நிதி வயதில் குறைந்ததல்ல. 1974 இல், சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமராக இருந்த காலத்தில் அது அறிமுகமானது. கொழும்பின் அமைச்சுகளுக்கு எட்டாத சிறுவேலைகளை, அவற்றை நேரில் கண்டறிந்த பிரதிநிதியே சுட்டிக்காட்டட்டும் என்பதே அதன் எண்ணம். அந்த எண்ணத்தில் நான் இன்றும் குறை காணவில்லை. அந்நாளில் கணக்கு தொகுதியை வைத்து நடந்தது. கல்குடா, பட்டிருப்பு போன்ற தொகுதிகளுக்கு உரியவர் யார் என்பதில் குழப்பம் இருக்கவில்லை. விகிதாசாரப் பிரதிநிதித்துவத்தின் கீழ் 1989 இல் முதலாவது பொதுத்தேர்தல் நடந்த பின்னர், மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து ஐந்து உறுப்பினர்கள் என்றாகிவிட்டது. இதன் விளைவை எங்கள் சங்கத்தின் கோவையைப் புரட்டினாலே காணலாம். ஒரே உள்வீதிக்கான ஒரே கடிதம், விளிப்புப் பெயர் மட்டும் மாற்றப்பட்டு, ஐவருக்கும் போயிருக்கும். ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் தலைவர், செயலாளர், பொருளாளர் ஒப்பங்களும், ஊதா மையில் பாதி அழிந்த சங்க முத்திரையும் இருக்கும். ஐவரில் எவரேனும் ஒருவர் முன்மொழிந்தால் அது மாவட்ட செயலகத்தின் திட்டமிடல் பிரிவுக்குப் போய், அங்கிருந்து பிரதேச செயலகத்துக்கு இறங்கி, தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அளந்து மதிப்பீடு தயாரித்து, ஒப்பந்தம் எழுதப்பட்டு வேலை தொடங்கும். எவரும் முன்மொழியாவிட்டால் அதை எங்களுக்கு எவரும் அறிவிப்பதில்லை. ஐவரும் வேறு எந்தெந்தக் கிராமங்களின் எந்தெந்த வேலைகளை முன்மொழிந்தார்கள் என்பதும் பெயர்ப்பலகை நடப்படும் நாள்வரை ஊருக்குத் தெரிவதில்லை.

இந்த நிதியால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்பதிலும் ஒரு தெளிவு வேண்டும். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவையில் வாவியைக் கடந்துகொண்டிருந்த மண்முனைக்கு 2014 இல் பாலம் வந்தது யப்பானிய அரசின் நன்கொடையால். அது போன்றவற்றை உறுப்பினர் ஒருவரின் ஒதுக்கீட்டில் எதிர்பார்ப்பது நியாயமன்று. உள்வீதி, மதகு, பல்தேவைக் கட்டடம், வாசிகசாலைக்குத் தளபாடம், மைதானத்துக்கு மண், கோயில் மடத்துக்குக் கூரை: இவ்வளவுதான் அதன் எல்லை. ஆனால் பிள்ளையைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடம் போகும் தாய்க்கு மண்முனைப் பாலத்தைவிட வீட்டு வாசலில் இருக்கும் மதகுதான் நாளாந்தப் பிரச்சினை.

தொகையின் அளவைவிட என்னை அதிகம் உறுத்துவது அது வந்துசேரும் காலம். இலங்கையின் நிதியாண்டு சனவரியில் தொடங்கித் திசெம்பர் 31 இல் முடிகிறது. செலவழிக்கப்படாத பணம் அத்தோடு திறைசேரிக்குத் திரும்பிவிடும். ஆண்டின் தொடக்கத்தில் முன்மொழிவுகள் கேட்கப்பட்டு, திருத்தப்பட்டு, ஒருங்கிணைப்புக் குழுக்களில் பேசப்பட்டு, மதிப்பீடும் ஒப்பந்தமும் முடியும்போது பல தடவைகளில் புரட்டாதி பிறந்திருக்கும். 2025 இல் வரவு செலவுத் திட்டமே பெப்ரவரி 17 இல்தான் சமர்ப்பிக்கப்பட்டு மார்ச் 21 இல் நிறைவேறியது. தேர்தல் முடிந்த மறு ஆண்டு என்பதால் அது தவிர்க்க முடியாதது, ஆயினும் அத்தகைய ஆண்டில் ஊர்மட்டத்துக்கு எஞ்சும் மாதங்களை எண்ணிப் பார்த்தால் நிலைமை விளங்கும். கண்டியிலோ காலியிலோ இந்தத் தாமதம் எப்படி முடிகிறதோ அறியேன். மட்டக்களப்பில் ஐப்பசி, கார்த்திகை என்றால் மாரிமழை. வயல்கள் விதைக்கப்பட்டுவிடும், வாய்க்கால்கள் நிரம்பும், கிறவல் ஏற்றிய உழவு இயந்திரம் ஊருக்குள் வர முடியாது, வந்தாலும் இருக்கிற வீதியையும் உழுதுவிட்டுப் போகும். பங்குனி தொடங்கி ஆவணி வரை வெயில் காய்ந்த நிலத்தில் செய்திருக்க வேண்டிய வேலையை, ஆண்டு முடிவதற்குள் செலவுப் பட்டியல் கொடுக்க வேண்டும் என்பதற்காக, வானம் சற்று வெளித்த ஒரு காலையில் அவசரமாகச் செய்கிறோம். "காசு மழையோட வருகுது மனே, மறுகா மழையோட போகுது" என்று எங்கள் சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவர் பொதுக்கூட்டத்தில் சொன்னார். கூட்டக்குறிப்பில் அதை அப்படியே எழுதிவைத்தேன்.

அவர் சொன்னதை எண்களில் காட்ட முடியும். மூன்று மீற்றர் அகலம், பத்துச் சென்றிமீற்றர் தடிப்பு என்று மதிப்பீட்டில் எழுதப்பட்ட கொங்கிறீட் வீதிக்கு, நூறு மீற்றர் நீளத்தில் முப்பது கன மீற்றர் கொங்கிறீட் வேண்டும். தடிப்பில் இரண்டு சென்றிமீற்றர் குறைந்தால் ஆறு கன மீற்றர், அதாவது ஐந்தில் ஒரு பங்கு, எங்கோ போய்விட்டது என்று பொருள். இதை வேலை முடிந்த பின்னர் கண்ணால் கண்டுபிடிக்க இயலாது. பலகை அடித்து, கீழே பொலித்தீன் விரித்து, கலவை கொட்டுவதற்கு முன்பாக அளவுநாடாவை நடுவிலும் இரு ஓரங்களிலும் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓரம் பத்தாக இருந்து நடுவில் மண் மேடாக்கப்பட்டிருப்பதுதான் வழக்கமான வித்தை. மழை தூறிக்கொண்டிருக்கும்போது பலகைக்குள் தேங்கும் நீரை வாளியால் இறைப்பதா, அளவுநாடா பிடிப்பதா என்ற நிலை வந்துவிடுகிறது. அளப்பதற்கு முன்வருபவரும் வேலையைக் கெடுப்பவராகவே பார்க்கப்படுகிறார். ஈரம் ஊறிய மண்மேல் போட்ட வீதி அடுத்த அறுவடைக்கு நெல்மூட்டை ஏற்றிய உழவு இயந்திரப் பெட்டிகள் ஓடத் தொடங்கும்போது ஓரத்தில் வெடிக்கிறது. வேலையைச் செய்தது ஊர்ச் சங்கமே என்றால், பழியும் சங்கத்தின் மேல்தான்.

கேட்கும் பட்டியல் சித்திரைக்கு முன்பே ஊருக்குத் தெரிந்திருந்தால் இந்தத் தாமதத்தின் ஒரு பகுதியையாவது குறைக்கலாம் என்பது என் கருத்து. ஒரே வீதியை இருவர் முன்மொழிவதும், இன்னொரு வீதியை ஒருவருமே முன்மொழியாமல் விடுவதும் அப்போதே தெரிந்துவிடும். அரசாங்கக் காணியா தனியார் காணியா என்ற தகராறு ஒப்பந்தம் எழுதும் நாளில் கிளம்பாது. இதற்குப் புதிய சட்டம் தேவை என்றும் நான் நினைக்கவில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 9 ஆம் பிரிவை வாசித்தவர்கள் குறைவு. உள்நாட்டு நிதியில் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட எந்தத் திட்டத்தைப் பற்றியும், அது தொடங்குவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பே பொதுமக்களுக்கும் பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறிவிக்க வேண்டிய கடமையை அது பொறுப்பான அமைச்சருக்கு விதிக்கிறது. ஐந்து இலட்சம் என்பது இன்றைய சீமெந்து விலையில் சின்னஞ்சிறு வேலை. ஆகவே எங்கள் உள்வீதிகளில் பெரும்பாலானவை அந்தத் தொகையைத் தாண்டி இந்தக் கடமைக்குள் வந்துவிடுகின்றன. அப்படி ஓர் அறிவித்தல் எங்கள் கிராம சேவகர் அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்டதை நான் கண்டதில்லை.

அமெரிக்க முறையைத் தலையில் தூக்கிவைக்கும் எண்ணமும் எனக்கு இல்லை. ஒதுக்கீட்டுக் குழுவில் இருக்கும் மூத்த உறுப்பினர்களின் தொகுதிகளுக்கு அங்கும் கூடுதலாகவே போகிறது. அறிவிப்புக்கும் பணத்துக்கும் இடையில் அங்கும் பள்ளம் உண்டு: 2025 ஆம் நிதியாண்டுக்காக உறுப்பினர்கள் பட்டியல் வெளியிட்டு, குழுக்கள் அங்கீகரித்து, ஊரார் எதிர்பார்த்திருந்த திட்டங்கள், அந்த ஆண்டு மார்ச்சில் முழு ஆண்டுக்குமான தொடர் ஒதுக்கீட்டுச் சட்டம் அவற்றைச் சேர்க்காமலேயே நிறைவேறியதால் ஒன்றுக்கும் பணமில்லாமல் போயின. ஆயினும் எந்த வேலை கைவிடப்பட்டது என்று அந்த ஊரார் பெயர் சொல்லிக் கேட்க முடிந்தது. கேட்ட பட்டியல் அவர்கள் கண்முன்னே இருந்தது.

எங்கள் சங்கத்தின் கடந்த கூட்டத்தில் இதை வாதிட்டு ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறோம். இனிமேல் உறுப்பினர்களுக்கு நாங்கள் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் பிரதியும், கேட்ட தொகையோடும் அனுப்பிய திகதியோடும், வாசிகசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். ஐவருக்கும் தனித்தனிக் கடிதம் என்ற பழக்கத்தை நிறுத்தி, ஐவரின் பெயரும் தெரியும்படி ஒரே கடிதமாக அனுப்புவது என்றும் முடிவாயிற்று. ஒருவருக்கு எழுதியது மற்றவருக்குத் தெரிந்தால் இருவருமே கைவிட்டுவிடுவார்கள் என்று பொருளாளர் கடுமையாக எதிர்த்தார். அவர் அச்சம் வெறுமையானது என்று நான் சொல்லமாட்டேன். பெப்ரவரியில், முன்மொழிவுப் பட்டியலின் பிரதியைக் கேட்டுப் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் விண்ணப்பமும் கொடுக்கவிருக்கிறோம். சட்டப்படி 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்ற முடிவைச் சொல்ல வேண்டும். மற்றச் சங்கங்களும் தத்தம் பிரிவுகளில் இதே விண்ணப்பத்தைக் கொடுத்தால் மாவட்டத்தின் பதினான்கு பிரதேச செயலகங்களின் பட்டியல்களையும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். விண்ணப்பத்தின் மாதிரியைத் தமிழில் தயாரித்து வைத்திருக்கிறேன். வேண்டிய சங்கங்கள் கேட்டால் அனுப்புகிறேன்.