விரிசலா, கீறலா? ஒருவழியாக ஒரு ‘கட்’ சிக்கியது

கடைசியில் கிடைத்தேவிட்டது. காசின் விளிம்பை ஒட்டி, எழுத்துகளின் காலடியில், உருவமில்லாத ஒரு மொட்டை மேடு. இதைத்தான் ‘கட்’ (cud) என்பார்கள். டையின், அதாவது காசை அடிக்கும் அச்சின், ஓரம் அங்கே உடைந்து விழுந்திருக்கிறது. அந்தப் பள்ளத்துக்குள் உலோகம் ஏறி நின்றுவிட்டது. காசைத் திருப்பினால் அதற்கு நேர் பின்னால் எழுத்துகள் மங்கல். உலோகம் இந்தப் பக்கம் பள்ளத்துக்குள் போய்விட்டதால் அந்தப் பக்கம் நிரம்பவில்லை. இந்த மங்கல் இல்லாத ‘கட்’டை நான் நம்புவதே இல்லை.

இதைவிடப் பெருமை, அதே டையில் முன்னால் அடித்த காசும் கையில் இருப்பது. அதில் இன்னும் உடைப்பு இல்லை. விளிம்பில் கிளம்பி, இரண்டு எழுத்துகளைச் சுற்றி, விளிம்புக்கே திரும்பும் விரிசல் மட்டும்தான். அதன் வளைவும் மேட்டின் எல்லையும் அச்சு அசலாகப் பொருந்துகின்றன. டையை மெருகேற்றியபோது விழுந்த மெல்லிய கோடுகளும் இரண்டிலும் ஒரே இடத்தில். அந்தக் கோடுகள் வெறும் தளத்தில் மட்டும் ஓடி, எழுத்தின் ஓரத்தில் நின்றுவிடும். விரிசலோ தளம், எழுத்து என்று பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் ஏறிப் போகும்.

என் உயிரை வாங்கியது வெளிச்சம்தான். டையில் விழுந்த விரிசல் என்றால் காசில் புடைத்திருக்க வேண்டும், காசிலேயே விழுந்த கீறல் என்றால் குழிந்திருக்க வேண்டும். சொல்வது சுலபம். லூப்பில், அதாவது சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியில், உற்றுப் பார்த்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் கண் மாற்றிக் காட்டுகிறது. இப்போது நான் செய்வது: ஒரே ஒரு விளக்கு, காசின் தளத்தோடு ஒட்டினாற்போல் மிகத் தாழ்வாக, பக்கவாட்டில். கோட்டைப் பார்ப்பதற்கு முன் பக்கத்து எழுத்தைப் பார்ப்பேன். எழுத்து புடைப்பு என்பதில் சந்தேகமில்லையே. அதன் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அதே பக்கம் கோட்டுக்கும் நிழல் இருந்தால் விரிசல். எதிர்ப்பக்கம் என்றால் கீறல். பிறகு காசைக் கால் சுற்று திருப்பி இன்னொரு முறை. வெளிச்சம் வரும் திசையிலேயே கிடக்கும் கோடு நிழலே காட்டாது, அதனால் இந்தத் திருப்பலை விடவே கூடாது.

யுஎஸ்பி மைக்ராஸ்கோப்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டேன். லென்ஸைச் சுற்றி வளையமாக எல்இடி. நாலாபக்கமும் வெளிச்சம் அடித்து நிழலையே துடைத்துவிடுகிறது. லூப்பிலும் 10 மடங்கு போதும். 30, 40 என்று போட்டு மலிவாக வருபவை பெரும்பாலும் பொம்மை.

இணையத்தில் ‘எரர் காயின்’ (அடிக்கும்போது பிழையான காசு) விற்பவர்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நசுங்கிய விளிம்பெல்லாம் அவர்களுக்குக் ‘கட்’. அடிக்கும்போது டை அசைந்ததால் வரும் இரட்டைத் தோற்றமான மெஷின் டபுளிங்கெல்லாம் ‘டபுள் டை’, அதாவது டையிலேயே உருவம் இரட்டையாகப் பதிந்தது. மெஷின் டபுளிங் எழுத்தின் ஓரத்தைத் தட்டையான படியாக நசுக்கி எழுத்தையே ஒல்லியாக்கும். அசல் டபுள் டையில் இரண்டு பதிவுகளும் உருண்டு திரண்டு, முனைகள் பிளந்து நிற்கும். அமெரிக்காவின் 1955 டபுள் டை லிங்கன் சென்டைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், வெறுங்கண்ணுக்கே தெரியும்.

ஜோடியைப் படமெடுக்கும் வேலை பாதியில் நிற்கிறது. தாழ்ந்த வெளிச்சத்தில் மேட்டின் நிழல் பக்கத்து எழுத்தை விழுங்கிவிடுகிறது. எதிரில் ஒரு வெள்ளை அட்டை வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குள் மனசு அடுத்ததுக்குத் தாவிவிட்டது: டையில் கிரீஸ் அடைத்து எழுத்து காணாமல் போன காசுகளாகக் கொஞ்சம் தனியே ஒதுக்கி வைத்திருக்கிறேன். அவற்றில் எது கிரீஸ், எது வெறும் தேய்மானம் என்று பிரிக்க வேண்டும்.