டாக்ஸியின்போது கவனம்: விமானி நேர்காணலுக்கும் சிமுலேட்டர் பயிற்சிக்கும் நான் படித்த முறை

வணிக விமானி உரிமத்துக்காக இந்திய விமானப் போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்பான டிஜிசிஏ நடத்தும் தேர்வுகளை முடித்துவிட்டு விமான நிறுவன நேர்காணலுக்குத் தயாராகும் மாணவர்கள் பலர், எஞ்சின் செயலிழப்பு, வானிலை, தரையிறக்கம் ஆகியவற்றுக்கே பெரும்பாலான நேரத்தைக் கொடுக்கிறார்கள். நிறுத்துமிடத்திலிருந்து ஓடுபாதை வரை விமானம் தரையில் ஊர்ந்து செல்லும் டாக்ஸிப் பகுதியைக் குறியீடுகளையும் விளக்குகளின் நிறங்களையும் மனப்பாடம் செய்வதோடு முடித்துவிடுகிறார்கள். அந்தப் பகுதிக்கும் மற்றவற்றுக்கு இணையான நேரத்தை ஒதுக்குங்கள் என்பதே என் முதல் பரிந்துரை. நேர்காணலிலும் பின்னர் சிமுலேட்டரிலும் எனக்கு மிகுதியாகக் கைகொடுத்த படிப்பு அதுதான்.

முக்கியமான கட்டங்களில் விமானி அறையில் (காக்பிட்) வேலைக்குத் தொடர்பில்லாத பேச்சு கூடாது என்னும் ஸ்டெரைல் காக்பிட் விதியிலிருந்து தொடங்கலாம். 1974 செப்டம்பரில் அமெரிக்காவின் சார்லட் நகரில் மூடுபனியில் தரையிறங்க வந்த ஈஸ்டர்ன் 212 விமானத்தின் விமானிகள் அரசியலும் பழைய கார்களும் பற்றிப் பேசிக்கொண்டே வந்தது விசாரணையில் தெரியவந்தது. இத்தகைய விபத்துகளுக்குப் பின் 1981இல் அந்நாட்டில் இவ்விதி நடைமுறைக்கு வந்தது. “10,000 அடிக்குக் கீழே தேவையற்ற பேச்சு கூடாது” என்று மட்டும் நினைவில் வைத்திருக்கும் மாணவர்களே அதிகம். டாக்ஸி, புறப்பாடு, தரையிறக்கம் ஆகியவற்றையும் அவ்விதி பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. நேர்காணலில் இவ்விதியைப் பற்றிக் கேட்கும்போது டாக்ஸியை முதலில் சொல்லுங்கள்.

அடுத்து, ஒரே ஒரு விபத்தை ஆழமாகப் படியுங்கள். நான் தேர்ந்தெடுத்தது 2006 ஆகஸ்ட் 27 அன்று கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் நடந்த கோம்ஏர் 5191 விபத்து. விடியாத இருளில், 7,003 அடி நீளமுள்ள 22ஆம் ஓடுபாதைக்கு அனுமதி பெற்ற விமானம், 3,500 அடி மட்டுமே நீளமுள்ள 26ஆம் ஓடுபாதையில் திரும்பி ஓடத் தொடங்கியது. இருந்த 50 பேரில் துணை விமானி ஒருவர் மட்டுமே உயிர் பிழைத்தார். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதிலுள்ள காக்பிட் உரையாடல் பதிவை ஒரு பக்கமும் விமான நிலைய வரைபடத்தை மறு பக்கமும் வைத்து, ஒவ்வொரு வாக்கியம் பேசப்பட்டபோதும் விமானம் எங்கே இருந்தது என்று பென்சிலால் குறித்துக்கொண்டே படித்தேன். 22க்குப் போக வேண்டுமானால் வழியில் 26ஐக் கடந்தாக வேண்டும். கடக்கும் முன் நிற்க வேண்டிய கோட்டில் நின்றவர்கள், அதையே தங்கள் ஓடுபாதையின் தொடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அதற்குச் சற்று முன்னர் டாக்ஸிக்குத் தொடர்பில்லாத பேச்சு ஏறத்தாழ 40 விநாடிகள் நடந்திருந்தது. பணியிலிருந்த ஒரே கட்டுப்பாட்டாளரும் வேறு அலுவலக வேலைக்காகத் திரும்பிவிட்டதால், அவர்கள் தவறான பாதையில் ஏறியதை யாரும் பார்க்கவில்லை.

இந்த 40 விநாடிகள் என்னை இன்றும் வருத்துகின்றன, ஏனெனில் அவர்கள் பேசியது எந்தப் பணியிடத்திலும் இருவர் பேசிக்கொள்ளக்கூடிய சாதாரணப் பேச்சுதான். திருத்திக்கொள்ள வாய்ப்புகளும் இருந்தன. இரண்டு ஓடுபாதைகளின் திசைக்கும் இடையே ஏறத்தாழ 40 பாகை வேறுபாடு இருந்ததால், திசைகாட்டியை ஒரு முறை ஒப்பிட்டிருந்தாலே தவறு தெரிந்திருக்கும். ஓடுபாதையில் விளக்குகளே எரியாததை ஓடத் தொடங்கிய பிறகு துணை விமானி வியப்போடு சொன்னார், கேப்டனும் ஆமோதித்தார், ஆனால் இருவரும் விமானத்தை நிறுத்தவில்லை.

கவனச்சிதறல் என்றாலே வெட்டிப் பேச்சு என்று எண்ணிவிடவும் வேண்டாம். 1987இல் டெட்ராய்டில் நார்த்வெஸ்ட் 255 விமானத்துக்கு டாக்ஸியின்போது ஓடுபாதை மாற்றப்பட்டது; விமானிகள் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டனர்; டாக்ஸிக்கான செக்லிஸ்ட் (சரிபார்ப்புப் பட்டியல்) செய்யப்படவே இல்லை. விமானம் மேலெழ உதவும் இறக்கைப் பகுதியான பிளாப் இறக்கப்படாமலேயே புறப்பட்ட அந்த விபத்தில் தரையில் இருந்த இருவர் உட்பட 156 பேர் இறந்தனர். அங்கே விமானிகளைத் திசைதிருப்பியவற்றில் கடமையின் பகுதியான வேலைகளும் இருந்தன. ஆகவே செக்லிஸ்ட் பாதியில் தடைபட்டால், விட்ட இடம் நினைவிருப்பதாகத் தோன்றினாலும் முதலிலிருந்தே தொடங்கும் வழக்கத்தைப் பயிற்சிக் காலத்திலேயே கைக்கொள்ளுங்கள்.

சிமுலேட்டரில் பயிற்றுநர்கள் இதையே சோதிக்கிறார்கள். டாக்ஸிப் பாதைகளின் ஒரு சந்திப்பை நெருங்கும் நேரம் பார்த்துக் கேபினிலிருந்து அழைப்பு வரும், அல்லது கட்டுப்பாட்டுக் கோபுரம் புதிய வழியைச் சொல்லும். நான் பின்பற்றியது இதுதான்: டாக்ஸி அனுமதியைக் காதால் கேட்டதோடு விடாமல் எழுதிக்கொள்வேன், நகரும் முன் வரைபடத்தில் விரல் வைத்து, எங்கே திரும்புகிறோம், எந்த ஓடுபாதைக்கு முன் நிற்கிறோம் என்று கேப்டனிடம் வாய்விட்டுச் சொல்வேன், சந்திப்பை நெருங்கும்போது விமானத்தின் கம்ப்யூட்டரில் எதையும் பதிவு செய்யாமல் வெளியே பார்ப்பேன், ஓடுபாதையில் நேராக நின்றதும் பலகையிலுள்ள, ஓடுபாதையின் திசையைக் குறிக்கும் எண்ணையும் திசைகாட்டியையும் ஒப்பிட்டுச் சத்தமாகச் சொல்வேன். இவற்றை வீட்டில் நாற்காலியில் அமர்ந்தே, அச்சிட்ட வரைபடத்தோடு பழகலாம்.

மூத்த கேப்டன் டாக்ஸியின்போது சொந்தக் கதை பேசத் தொடங்கினால் என்ன செய்வீர்கள் என்பது நேர்காணலில் எதிர்பார்க்க வேண்டிய கேள்வி. விதி எண்ணை ஒப்பிப்பது நல்ல விடையாகாது. “சார், அடுத்து இடப்பக்கம் திரும்பி, ஓடுபாதைக்கு முன் நிற்க வேண்டும்” என்று பேச்சை வேலைக்குத் திருப்புவேன் என்றும், அதற்கும் நிற்காவிட்டால் “10,000 அடி தாண்டியதும் பேசுவோம், சார்” என்று நேரடியாகச் சொல்வேன் என்றும் விடையளியுங்கள். இருக்குமிடம் குறித்துச் சந்தேகம் வந்தால் என்ன செய்வீர்கள் என்றும் தொடர்ந்து கேட்கலாம். ஏதோ வித்தியாசமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு விடாமல், “நிறுத்துங்கள்” என்ற சொல்லையே பயன்படுத்துவேன் என்று கூறுங்கள்; விமானம் ஓடுபாதைக்குள் இல்லையென்றால் பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, இருக்குமிடம் உறுதியாகத் தெரியவில்லை என்று கோபுரத்திடம் சொல்லி வழி கேட்பேன் என்றும், ஏற்கெனவே ஓடுபாதைக்குள் வந்துவிட்டிருந்தால் அதை முதல் வார்த்தையாகச் சொல்வேன் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.