என்கிளெக்ஸ் டைரி: 85-ஐ தாண்டின கதை

மார்ச் 9, 2025, ஞாயிறு

வியாழக்கிழமை என்கிளெக்ஸ், அமெரிக்காவுல நர்ஸ் லைசென்ஸ் வாங்க எழுதற எக்ஸாம். இனிமே புதுசா எதையும் தொடறதில்லன்னு முடிவு பண்ணிட்டு காலைலேர்ந்து புதுசாதான் படிச்சிட்டு இருக்கேன். எந்த மருந்துக்கு எது முறிவு, அதாவது ஹெப்பாரினுக்கு புரோட்டமைன், வார்ஃபரினுக்கு விட்டமின் கே, மெக்னீசியம் சல்ஃபேட் ஏறிப்போனா கால்சியம் குளுக்கோனேட், இதெல்லாம் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லிடுவேன். உயிர வாங்கறது "இந்த நாலு பேஷன்ட்ல யாரை மொதல்ல போய் பாப்ப"ங்கற கேள்விதான். வார்டுல நின்னா கால் தானா அந்தப் பக்கம் போகும், ஸ்க்ரீன்ல படிச்சா நாலு பேருமே போய்ச் சேர்ற மாதிரி தெரியுது.

அதோட இந்த எக்ஸாம்ல வர்ற ஆஸ்பத்திரி ஒரு சொர்க்கம். ஆள் பத்தாக்குறையே கிடையாது, எல்லா மருந்தும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கு, நர்ஸுக்கு பேஷன்ட் பக்கத்துல உக்காந்து "உங்களுக்கு என்ன பயம் சொல்லுங்க"ன்னு கேக்க நேரம் இருக்கு. வருஷக்கணக்கா டியூட்டி பாத்தவங்களுக்கு இதுதான் வினை, நாம டியூட்டில செய்யறத நெனச்சு பதில் போட்டா காலி. டாக்டருக்கு போன் பண்றதுங்கற ஆப்ஷன் பாதி நேரம் பொறி, அதுக்கு முன்னாடி நீ என்ன அசெஸ் பண்ண, அதாவது பேஷன்ட்ட என்ன சோதிச்சுப் பாத்தனு கேக்கறான். சரி அசெஸ்மென்ட்டையே போட்டுட்டுப் போகலாம்னா அதுவும் முடியாது, கேள்விலயே சாச்சுரேஷன் முதக்கொண்டு எல்லாத்தையும் குடுத்துட்டு ஆளு மூச்சு விட முடியாம கெடந்தா திரும்பப் போய் ஸ்டெதாஸ்கோப் வெக்கக் கூடாது, கட்டில் தலைப்பக்கத்த தூக்கி ஆக்சிஜன் போடணும்.

மார்ச் 11, செவ்வாய்

பாஸ்போர்ட்டையும் ஏடிடி மெயிலையும் (எக்ஸாம் எழுத அனுமதி குடுக்கற மெயில்) பக்கத்துல பக்கத்துல வெச்சு பேரு எழுத்துக்கு எழுத்து பாத்தாச்சு. இனிஷியல விரிச்சு எழுதின ஆளுங்களுக்குத்தான் இந்த பயம் புரியும்.

ராத்திரி செலக்ட் ஆல் கேள்வி, அதான் சரியான ஆப்ஷன் எல்லாத்தையும் தொடணும்ங்கற வகை, மட்டும் போட்டுப் பாத்தேன். 2023 ஏப்ரல்ல புது மாடல் வந்ததுலேர்ந்து இதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. முன்னாடி ஒண்ணு விட்டாலும் மொத்தமும் போச்சு, இப்போ சரியா தொட்டா ப்ளஸ் ஒண்ணு, தப்பா தொட்டா மைனஸ் ஒண்ணு, ஜீரோவுக்கு கீழ போகாது. ஆனா எல்லாத்தையும் டிக் அடிச்சிட்டுப் போனா பெருசா ஒண்ணும் மிஞ்சாது.

மார்ச் 13, வியாழன்

முடிஞ்சிருச்சு. கை இன்னும் சில்லுனு இருக்கு.

உள்ள விடறதுக்கு முன்னாடி உள்ளங்கைய ஒரு மிஷின் மேல வெக்கச் சொன்னாங்க, ரேகை இல்லையாம், நரம்ப ஸ்கேன் பண்ணுது. போட்டோ, கையெழுத்து, பாக்கெட்ட வெளிய இழுத்துக் காட்டு, கண்ணாடியக் கழட்டிக் குடு. அந்தப் பொண்ணு என் கண்ணாடிய வெளிச்சத்துல பிடிச்சு ரெண்டு காதுப்பக்கமும் திருப்பித் திருப்பி பாத்துச்சு, அதுல என்னத்த ஒளிச்சு வெக்க முடியும்னு எனக்குத் தெரியல. செல்போன ஒரு கவர்ல போட்டு சீல். கைல குடுத்தது அழிச்சு எழுதற போர்டும் ஒரு மார்க்கரும்தான், அந்த மார்க்கர் கேப்ப மூடறப்ப வர்ற 'டக்' சத்தம் எனக்கே எரிச்சலா இருந்துச்சு.

கேள்வி என்ன வந்துச்சுன்னு எழுத மாட்டேன், வெளிய சொல்ல மாட்டேன்னு ஒத்துக்கிட்டுதான் ஆரம்பிக்கவே விடறாங்க. கேஸ் ஸ்டடி மட்டும் பொதுவா சொல்லலாம், ஒரு பேஷன்ட், அவரோட நர்ஸ் நோட்ஸ், லேப், ஆர்டர், அதுல ஆறு கேள்வி. எனக்கு அது பிடிச்சிருந்தது, டியூட்டி பாக்கற மாதிரி இருந்துச்சு. தனித்தனியா வர்ற கேள்விதான் போகப்போக கழுத்த நெரிச்சுது, ஒண்ணுக்கும் திரும்பிப் போக முடியாது, விட்டுட்டு அடுத்ததுக்கும் போக முடியாது.

85 கேள்விதான் குறைஞ்சபட்சம், அதிகபட்சம் 150, நேரம் 5 மணி நேரம். 85 வந்தப்போ நெக்ஸ்ட் அழுத்திட்டு கண்ண மூடினேன். தொறந்தா 86 நிக்குது. அப்போ உள்ள ஏதோ இறங்கின மாதிரி இருந்துச்சு பாருங்க. எழுந்து பிரேக் எடுத்து முகத்த கழுவிட்டு வந்து, ஒவ்வொண்ணயும் கடைசி கேள்வியா நெனச்சு போட்டுட்டே போனேன், நூத்திப்பத்த தாண்டி எங்கயோ சொல்லாம கொள்ளாம ஸ்க்ரீன் அணைஞ்சுது.

மார்ச் 14, வெள்ளி

எல்லாரும் கேக்கற மொத கேள்வி "எத்தனைல நின்னுச்சு?" அம்மாகூட, யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க போல. 85-ல நின்னா பாஸ், இழுத்துட்டே போனா ஃபெயில்னு ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் ஓடுது. அந்த மிஷின் வேலை செய்யறதே வேற மாதிரி. சரியா போட்டா அடுத்தது கொஞ்சம் கஷ்டமா தரும், தப்பா போட்டா கொஞ்சம் எறக்கும், இப்படியே நம்ம லெவல் எதுன்னு தேடிட்டு, பாஸ் கோட்டுக்கு மேலயா கீழயான்னு 95 சதவீதம் உறுதியானதும் நின்னுடும். அதனால 85-ல பாஸும் உண்டு ஃபெயிலும் உண்டு. நான் தாண்டிப் போனேன்னா கோட்டுக்கிட்டயே சுத்திட்டு இருந்திருக்கேன், அவ்ளோதான் அர்த்தம். நம்ம லெவலுக்கே கேள்வி தேடித் தர்றதால நல்லா படிச்சவளுக்கும் பாதிக்குப் பாதி தப்பாகற மாதிரிதான் இருக்கும். போதாக்குறைக்கு அதுல 15 கேள்வி மார்க்குக்கே கிடையாது, அடுத்த பேட்ச்சுக்காக நம்மகிட்ட டெஸ்ட் பண்ணி பாக்கறது, எது எதுன்னு தெரியாது.

இத்தனையும் தெரிஞ்சுகிட்டே நேத்து ராத்திரி மூணு மணிக்கு ஏன் அந்த பேஷன்ட்ட ரெண்டாவதா போட்டேன்னு உக்காந்திருந்தேன்.

மார்ச் 15, சனி

குயிக் ரிசல்ட் ரெண்டு வேலை நாள் கழிச்சுதான், 7.95 டாலர் கட்டிப் பாத்துக்கலாம். வேலை நாள்ங்கறதுதான் இங்க விஷம், நடுவுல சனி ஞாயிறு வந்து உக்காந்திருக்கு. வியாழக்கிழமைக்கு தேதி எடுக்கறப்போ இத எவனும் சொல்லல.

ரூம்மேட் அந்த ட்ரிக்க பண்ணச் சொல்லி நச்சரிக்கறா. திரும்ப அதே எக்ஸாமுக்கு ரிஜிஸ்டர் பண்ணப் பாக்கணுமாம், கார்ட் பக்கத்துக்கு விடலன்னா பாஸ், காசு கேட்டா ஃபெயில். காசு எடுத்துட்டா 200 டாலர் யாரு குடுப்பா? மாட்டேன்னுட்டேன். அவ எனக்குத் தெரியாம லேப்டாப்ப தொறந்துடுவாளோன்னு பாஸ்வேர்ட மாத்தி வெச்சிருக்கேன்.

மார்ச் 16, ஞாயிறு

டியூட்டி. நல்லவேளை டியூட்டி. சார்ட்ல பொட்டாசியம் 5.9-னு ஏறிக் கெடக்கறத பாத்ததும் மனசு ஈசிஜின்னு ஆப்ஷன் தேடுது.

மார்ச் 17, திங்கள்

காலைலேர்ந்து ரெஃப்ரெஷ். ரிசல்ட் லிங்க் வந்ததும் கார்ட் நம்பர் ரெண்டு தடவ தப்பா அடிச்சு, மூணாவதுல ரூம்மேட் வாங்கி அடிச்சா. பாஸ். ஒரே ஒரு வார்த்தை. மார்க் கிடையாது, எந்த பாடத்துல எப்படின்னு கிடையாது, அந்த ரிப்போர்ட்லாம் ஃபெயிலானவங்களுக்கு மட்டும்தான் அனுப்புவாங்க. இவ்ளோ பாடு பட்டதுக்கு எத்தனைனு ஒரு நம்பர் குடுத்தா என்ன குறைஞ்சிடுமோ.

அம்மா அழுதாங்க, நான் அழல, ரூம்மேட் எனக்கும் சேத்து கத்தினா.

இது அன்அஃபீஷியல்தான், லைசென்ஸ் குடுக்கற நர்சிங் போர்டு நம்பர் போடறவரைக்கும் பேருக்குப் பின்னாடி ஆர்என் (ரெஜிஸ்டர்ட் நர்ஸ்) போட்டுக்கக் கூடாதுன்னு அக்காகிட்ட தெளிவா சொன்னேன். ஃபேமிலி குரூப்ல ஏற்கனவே போட்டுட்டா.